லிஃப்டம்மா வாய் திறந்த நாள்

நாடாளுமன்றக் கட்டடத்தில் புது லிஃப்ட் இரண்டு இருந்தாலும் உறுப்பினர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஏறுவது பழைய லிஃப்டில்தான். பழசின் மேல் பாசமெல்லாம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாடியில் அதன் கதவு அவை வாசலுக்கு நேர் எதிரே திறக்கும். புது லிஃப்டில் போனால் தாழ்வாரத்தில் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். நாட்டுக்காக உயிரையே கொடுப்பேன் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அந்தக் கொஞ்ச தூரம் நடக்க மனம் வருவதில்லை.

பழைய லிஃப்ட் தானாக ஓடாது. பலகை அடித்த பெட்டி, கனமான இரட்டைக் கதவு, பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் தள்ளிப் பிடித்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். தள்ளிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கட்டடம் முழுக்க லிஃப்டம்மா என்று கூப்பிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் அவளுக்குச் சொன்ன பாடம் சின்னது. "ஏறுறவங்களைத் திரும்பிப் பாக்காதே. மாடி எதுன்னு கேளு, கொண்டுபோய் விடு. மத்தபடி வாய்க்குப் பூட்டு. நீ பேசினேன்னு ஒருத்தர் புகார் சொன்னா மறுநாள் வர வேண்டாம்." அன்றிலிருந்து அவள் முகம் கைப்பிடியைப் பார்த்தபடியும் முதுகு நாட்டின் தலைவர்களைப் பார்த்தபடியும் இருந்தது.

கைப்பிடிக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு. தினமும் காலையில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் அவள் வேலை. அதில் பின்னால் நிற்பவர்களின் முகம் கரண்டியில் தெரிவதுபோல அகலமாக, மூக்கு பெருத்துத் தெரியும். எந்த அமைச்சர் யாரோடு பேச்சை விட்டார், யார் யாருக்குக் குழி பறிக்கிறார் என்பதெல்லாம் பத்திரிகைக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கு அவள் ஓர் ஆளாகவே தோன்றியதில்லை. கைப்பிடியோடு சேர்த்துச் சுவரில் பொருத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. வீட்டில் அவளோடு வாயாடி ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள் அவள் மகள். சின்ன உருவம், காரமான பேச்சு என்பதால் மிளகு என்று பேர் வந்துவிட்டது. மிளகின் உடம்பில் ரத்தம் தங்காது. பிறவிக் கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றி வந்த புதிதில் உதடு சிவந்து, தெருவையே ரெண்டாக்குவாள். நாள் ஆக ஆக வெளுத்துக்கொண்டே வருவாள். மூன்றாவது வாரம் வந்தால் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நீ போம்மா, நான் லிஃப்ட் வந்ததும் வரேன்" என்பாள். அவர்கள் குடியிருந்த வீட்டில் ஏது லிஃப்ட்? அம்மா தூக்கிக்கொள்வாள்.

குழந்தைகள் வார்டில் மிளகுக்கு என்று ஒரு கட்டில் இருந்தது. அதன் காலடியில் உள்ள கம்பியைச் சுற்றினால் தலைப்பக்கம் மேலே எழும். கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு மிளகு அதிகாரம் செய்வாள். "மூணாவது மாடி! சீக்கிரம்! எனக்கு மீட்டிங் இருக்கு!" அம்மா குனிந்து சுற்றுவாள். பக்கத்துக் கட்டில்களில் இருந்த பிள்ளைகளெல்லாம் தங்களையும் மேலே தூக்கச் சொல்லிக் கத்துவார்கள். நர்ஸ் திட்டுவாள், பிறகு அவளும் சேர்ந்து சுற்றுவாள்.

அந்த வார்டைத்தான் மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் மூடிவிட்டு, பிள்ளைகளைத் தொலைதூரத்து ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். "அங்க எல்லா வசதியும் இருக்கும்மா" என்றாள் நர்ஸ், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே. இருக்கலாம். போய்ச் சேருகிற பிள்ளைக்குத்தானே வசதி?

போய்ச் சேராத பிள்ளையை லிஃப்டம்மா பார்த்திருந்தாள். ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு பாப்பா வந்துகொண்டிருந்தது. அதன் ஊர் வார்டை முந்தின வருஷமே மூடிவிட்டார்கள். அதன் அம்மா இரண்டு பஸ் மாறி இங்கே தூக்கி வருவாள். ஒரு முறை பெருமழையில் பாலம் மூழ்கி பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் வந்து சேர்ந்தபோது பாப்பாவின் நகமெல்லாம் காகிதம் மாதிரி இருந்தது. ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். பாட்டிலில் பாதிகூட இறங்கவில்லை. அந்தத் தாய் அழவில்லை. "பஸ் நின்னுபோச்சு, பஸ் நின்னுபோச்சு" என்று வார்டில் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள், யாரோ அவளைக் குற்றம் சொன்னதுபோல. லிஃப்டம்மாவின் சாப்பாடும் தூக்கமும் அன்றோடு போயின.

இந்த நாட்டில் பிள்ளைகளுக்காக யாருமே பேசவில்லை என்று சொன்னால் பாவம். வக்கீலம்மா பேசினார். வக்கீல் தொழிலை விட்டு உறுப்பினராக வந்தவர். கையில் எப்போதும் ஒரு கட்டுக் காகிதம், காலில் தேய்ந்த செருப்பு. குழந்தைகள் முன்னுரிமை மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நாட்டின் வருமானத்தில் பிள்ளைகளின் ஆஸ்பத்திரி, காப்பகம், பள்ளிச் சாப்பாடு இவற்றுக்கு எடுத்து வைத்த பிறகுதான் மற்ற எதற்கும் எடுக்க வேண்டும், அப்படி வைத்ததை யாரும் தொடக் கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். சட்டமானால் எந்த வார்டையும் மூட முடியாது. ஆனால் அந்த மசோதாவை அன்றன்றைய அலுவலில் கடைசியாகத்தான் போடுவார்கள். அதன் முறை வருவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், அவை கலைந்துவிடும். வக்கீலம்மா காகிதக் கட்டோடு லிஃப்டில் இறங்குவார். "இன்னிக்கும் வரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

எல்லாம் கடைசியில் ஒரு மனிதர் கையில் வந்து நின்றது. பின்வரிசையில் ஒரு சிறிய கட்சியின் தலைவர். அவர் பேச்சு ஒலிபெருக்கி இல்லாமலே தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவருக்குப் பெரியகுரல் என்று பேர். அவர் சொன்ன பக்கம் அவர் ஆட்கள் கை தூக்குவார்கள். அவர் இந்தப் பக்கம் சாய்ந்தால் மசோதா கரையேறும். அவரோ லிஃப்டில் தன் ஆட்களிடம் அதைப் பற்றிப் பேசியபோது சிரித்தார். "பிள்ளைங்களுக்கு ஓட்டா இருக்கு?" என்றார். அவர் ஆட்களும் சிரித்தார்கள். பித்தளைத் தகட்டில் அகலமாக விரிந்த அந்தச் சிரிப்பு லிஃப்டம்மாவின் கண்ணில் ஊசி குத்தியதுபோல் நின்றுவிட்டது.

பெரியகுரல் அந்த லிஃப்டுக்குச் செய்த கைங்கரியம் இன்னொன்றும் உண்டு. வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். கேன்டீனில் இருப்பவர், நூலகத்தில் தூங்குபவர், கழிப்பறையில் இருப்பவர் எல்லோரும் விழுந்தடித்து ஓடி வர வேண்டும். மணி நின்றதும் அவைக் கதவைத் தாழிடுவார்கள். அப்புறம் பிரதமரே வந்தாலும் திறக்க மாட்டார்கள். அந்த மணி ஒன்று லிஃப்டுக்குள்ளும் இருந்தது. "காதைக் கிழிக்குதுய்யா இது" என்று பெரியகுரல் புகார் சொன்னார். ஊர்க் காதையெல்லாம் கிழிப்பவருக்குத் தன் காது பெரிதாகப் போய்விட்டது. சூப்பர்வைசர் மறுநாளே ஒயரைப் பிடுங்கிவிட்டார். அதன் பிறகு லிஃப்டம்மா ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு மணி அடிக்கிறதா என்று கவனிப்பது வழக்கமாயிற்று.

மசோதாவைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் எப்படியும் எடுத்துக்கொள்வதாக அவைத்தலைவர் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தின மாலை மிளகு படியில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி வந்து படுக்க வைத்ததும் கேட்டாள்.

"ஏம்மா, சட்டம் போடறவங்களைத் தினமும் நீதானே மேலே கூட்டிட்டுப் போறே?"

"ஆமா."

"அப்ப வார்டை மூடாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பேசக் கூடாதுடி. வேலை போயிடும்."

"நீ என்ன ஊமையா?" என்றாள் மிளகு. கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

புருஷன் பஸ் கண்டக்டர். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "என்னைப் பாரு, வாயை மூடினா என் வேலை போயிடும். உனக்கு வாயைத் திறந்தா போயிடும். நம்ம ரெண்டு பேரையும் சேத்துத் தைச்சாத்தான் ஒரு முழு ஆள்" என்றான். அவள் சிரிக்கவில்லை.

"நான் நாளைக்குப் பேசப் போறேங்க."

"வேலை போயிட்டா?"

"பேசாம இருந்தா?"

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான். "பேசும்மா" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டடம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம். முதல் மாடியில் கேன்டீன் வாசலில் கதவைத் திறந்தாள். பெரியகுரலும் அவர் ஆட்கள் இருவரும் பல் குத்திக்கொண்டே ஏறினார்கள். வேறு யாரும் இல்லை. "மூணு" என்றார் பெரியகுரல். கதவைச் சாத்தினாள், கைப்பிடியைத் தள்ளினாள். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் கைப்பிடியை விட்டுவிட்டாள்.

பெட்டி அப்படியே நின்றது.

"என்னாச்சு? கெட்டுப்போச்சா?" என்றார் ஓர் ஆள்.

"கெடலைங்க. நான்தான் நிறுத்தினேன்." சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

பேசத் துணிந்தவளுக்குத் திரும்பத் துணிவு வரவில்லை. வாயின் பூட்டைத் திறந்தாளே தவிர, முகம் பழைய பழக்கத்தில் கைப்பிடியைப் பார்த்தபடியே இருந்தது. பித்தளைத் தகட்டில் பெரியகுரலின் கை மேலே எழுவது தெரிந்தது. அகலமான கை. அடிக்க ஓங்குவதுபோல் இருந்தது.

"யம்மா, இங்க பாரு, நாங்க..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அடிக்கணும்னா அப்புறம் அடிங்கய்யா. சீட்டைக் கிழிக்கணும்னா கிழிங்க. இப்ப நான் பேசி முடிச்சுடறேன், இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்லை." அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. "எனக்கு ஒரு பொண்ணு. அவ உடம்புல ரத்தம் தங்காது. ஏத்தி ஏத்தித்தான் வெச்சிருக்கோம். அவ படுக்கிற வார்டை மூடறீங்களாம். ரயில்ல ஒரு ராத்திரி ஒரு பகல் போகணுமாம். அவளால எங்க வீட்டுப் படியை ஏற முடியலைய்யா! ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல ஒரு பாப்பா இருந்துச்சு, பஸ் நின்னுபோனதால செத்துப்போச்சு. வியாதியால சாகலை. வியாதிக்கு மருந்து இருக்கு. பஸ் நின்னதால செத்துச்சு."

"அம்மா..." என்றது பின்னால் ஒரு குரல். அவள் காதில் விழவில்லை.

"என் பொண்ணுக்கு மட்டும் கேக்கலைங்க. நாங்க ஏதோ ஒருத்தர் காலைப் பிடிச்சாவது பாத்துக்குவோம். எல்லாப் பிள்ளைக்கும்தான் கேக்கறேன். வீட்டுல சோறு பத்தலைன்னா முதல்ல யாருக்குப் போடுவீங்க? பிள்ளைங்களுக்குத்தானே? பெரியவங்க தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துக்குவோம். ஊர்ல எந்த வீட்டுலயும் அப்படித்தான். இந்த ஒரு வீட்டுலதான், பெரியவங்க எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, பாத்திரத்துல ஏதாச்சும் ஒட்டியிருந்தாச் சுரண்டிக்கோன்னு பிள்ளைங்களைக் கூப்பிடறீங்க. வக்கீலம்மா மசோதாவைப் பாருங்க, எப்பவும் கடைசி. எல்லாரும் எழுந்து போன பிறகு. ஏங்கய்யா, அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

பின்னால் சத்தமே இல்லை. கோபத்தில் வாயடைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கோபப்பட்டால் படட்டும், வருவது வரட்டும்.

"பிள்ளைங்களுக்கு ஓட்டா இருக்குன்னு இதே எடத்துல நின்னு கேட்டீங்க. இல்லைங்கய்யா. ஓட்டு இல்லை. அதனாலதான் உங்க ஓட்டைக் கேக்கறேன். அதுங்களுக்காக நீங்க கை தூக்கலைன்னா வேற யாரு தூக்குவா?"

பேச்சு தீர்ந்துபோயிற்று. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"யம்மா" என்றார் பெரியகுரல். அந்தக் குரல் இவ்வளவு சின்னதாக ஆகும் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. "நாங்க ஆதரவாப் போடத்தாம்மா போய்க்கிட்டிருக்கோம். காலையிலேயே எங்க கட்சிக் கூட்டத்துல முடிவாயிடுச்சு. அந்த வக்கீலம்மா வாரம் முழுக்க வந்து வந்து என் உசிரை வாங்கிடுச்சு. அதைத்தான் நான் முதல்லயே சொல்ல வந்தேன். நீ பேச ஆரம்பிச்சதும்... நிறுத்தத் தோணலை. கேக்கணும்போல இருந்துச்சு."

முதல் தடவையாக லிஃப்டம்மா திரும்பினாள். தகட்டில் தெரிந்த ஆளே இல்லை அவர். மெலிந்த, வயசான முகம். கண் கலங்கியிருந்தது. மேலே தூக்கியிருந்த கையைப் பார்த்தாள். பொறு என்று சொல்லும் கையாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கும்பிட்டாள். "போலாம்மா, போட்டுட்டு வந்து மிச்சத்தைப் பேசுவோம்" என்றார் அவர். அவள் கைப்பிடியைத் தள்ளினாள். அந்தப் பாழாய்ப்போன பெட்டி அன்றைக்குப் பறந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தில் ஓர் ஈ காக்கை இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காதைத் தீட்டினாள். எங்கும் மணிச் சத்தம் இல்லை. மணி அடிக்கவே இல்லை என்றால் தாழ்வாரத்தில் ஆட்கள் நின்று வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருப்பார்கள். அடித்து ஓய்ந்திருந்தால் மட்டும்தான் இப்படி வெறிச்சோடும்.

எதிரே அவைக் கதவு சாத்தியிருந்தது. வாயில்காவலர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியகுரல் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "திற! நாங்க ஓட்டுப் போடணும்! திறப்பா!"

"பூட்டியாச்சு ஐயா."

"இப்பத்தானேய்யா பூட்டினே! ஒரு நிமிஷம்!"

"மணி நின்னா பூட்டணும் ஐயா. நீங்க போட்ட விதிதானே" என்றார் வாயில்காவலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. பெரியகுரல் இரண்டு கையாலும் கதவைத் தட்டினார். தெருவுக்குக் கேட்கும் குரல் அந்தத் தேக்குக் கதவைத் தாண்டவில்லை. லிஃப்டம்மா பெட்டியின் வாசலில் நின்றபடி, ஒயர் பிடுங்கிய மணியைத் தலைக்கு மேலே பார்த்தாள். நடுவழியில் நிறுத்தினால் வெளியிலிருந்து எந்தச் சத்தமும் உள்ளே வராது என்று இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு மட்டும் மறந்துவிட்டாள்.

கதவு திறந்தபோது முதலில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மசோதா இரண்டு ஓட்டில் தோற்றுப்போயிருந்தது. லிஃப்டுக்குள் இருந்த ஓட்டு மூன்று.

வக்கீலம்மா கடைசியாக வந்தார். பெரியகுரலின் எதிரே வந்து நின்றார். "எங்க போயிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பெரியகுரல் லிஃப்டம்மாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்து நின்றாள். "லிஃப்ட் நின்னுபோச்சும்மா" என்றார் அவர். அவர் ஆட்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பொய்யை அவர்கள் கடைசிவரை காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வக்கீலம்மா காகிதக் கட்டோடு லிஃப்டில் ஏறினார். "எந்த மாடிங்க?" என்றாள் லிஃப்டம்மா. கதவு சாத்தியதும் வக்கீலம்மா சுவரில் சாய்ந்து, முகத்தைக் காகிதத்தில் புதைத்துக்கொண்டு அழுதார். "அடுத்த கூட்டத்தொடர் அறுவடைக்கு அப்புறம்தான். அதுக்குள்ள வார்டையெல்லாம் மூடிடுவாங்க" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "இன்னிக்குன்னு பாத்து நின்னிருக்கே இந்த லிஃப்ட்!" பித்தளைத் தகட்டில் அந்த அழுகை அகலமாகத் தெரிந்தது. நான்தாம்மா நிறுத்தினேன் என்று நெஞ்சு வரை வந்த சொல்லை லிஃப்டம்மா விழுங்கினாள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அதைக் கேட்ட பிறகு அந்த அம்மாள் மறுபடி ஒரு முறை காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டுமே, முடியுமா என்ற பயம். தரைத் தளம் வந்ததும் கதவைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். கண்டக்டர் மிளகை முன்னதாகவே கூட்டி வந்து சேர்த்திருந்தான். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உதட்டில் இலேசாகச் சிவப்பு தட்ட ஆரம்பித்திருந்தது, அதோடு வாயும்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"இல்லை."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்கடி" என்றாள் அம்மா. "முழுசாக் கேட்டாங்க."

மிளகுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளைகளிடம், "எங்கம்மா சொல்லிட்டாங்க! கேட்டுட்டாங்களாம்!" என்று கத்தினாள். அவர்களும் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள். கண்டக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"அப்ப அடுத்த தடவையும் எனக்கு இதே கட்டில்தானேம்மா?"

லிஃப்டம்மா கட்டிலின் காலடிக்குப் போனாள். மகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த மாடிங்க?" என்றாள்.